பொதுக் குச்சியும் அம்மாவின் எச்சில் கணக்கும்

தென் சீனாவின் குவாங்சோ நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மதியம் அலுவலகத்தில் எல்லோரையும் ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பத்துப் பேருக்கு ஒரு பெரிய வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடிப் பலகை. அதன்மேல் ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்த முழு மீன், பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய கீரை, தோஃபு, தோலோடு வெட்டிய கோழி. எல்லோரும் குச்சியை நீட்டினார்கள், எடுத்தார்கள், வாயில் வைத்தார்கள். வாய்க்குப் போன அதே குச்சி திரும்பவும் அதே தட்டுக்குப் போனது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இது 2017-இல். சீனச் சாப்பாடு என்றதும் ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்பது பாம்பையும் தவளையையும் பற்றித்தான். மூன்று வருடம் அங்கே இருந்த எனக்கு அவை ஒரு நாளும் தொந்தரவாக இருந்ததில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். என்னைத் தடுத்தது எச்சில்.

சிவகாசியில் எங்கள் வீட்டில் தண்ணீர்ச் செம்பை வாயில் வைத்துக் குடித்ததற்கு அடி வாங்கியிருக்கிறேன். சாப்பிடுகிற கையால் கரண்டியைத் தொட்டுவிட்டால் அந்தக் குழம்புச் சட்டி முழுதும் எச்சில். அம்மா இன்றைக்கும் ஓட்டலுக்குப் போனால் டம்ளரை அண்ணாந்துதான் குடிப்பார். அப்படி வளர்ந்தவன் அன்று என்ன செய்வேன்? எனக்கு மட்டும் தனியாக ஒரு முட்டைச் சோறு கேட்டு வாங்கி, அதை ஒரு ஓரமாகச் சாப்பிட்டு முடித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி சுழலும்போதெல்லாம் என் முன்னால் கொஞ்சம் நின்று, நான் எதுவும் எடுக்காததைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனது. பசி அடங்கிய பிறகும் அது மனதில் கிடந்தது.

எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை 'ஜே' என்று கூப்பிடுவார்கள், நம் ஊரில் அக்கா என்பது போல. அடுத்த முறை வெளியே போனபோது அவர் சர்வரைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் வேறு நிறத்தில் ஒரு ஜோடிக் குச்சி வந்தது. அந்தப் பக்கத்து மொழியான கான்டனீஸில் அதற்கு 'குங் ஃபாய்' என்று பெயர், பொதுக் குச்சி. அதால் எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, பிறகு தன் குச்சியால் சாப்பிட வேண்டும். எதற்காக இந்த ஏற்பாடு என்று மேசையில் யாருக்கும் அவர் விளக்கவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. முதலில் மீனின் வயிற்றுப் பகுதியைப் பொதுக் குச்சியால் எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். அன்றுதான் நான் உண்மையில் சீனாவில் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இன்னொன்று கவனித்தேன், அதுவும் இரண்டு மாதம் கழித்து. நான் பன்றி, மாடு சாப்பிடுவதில்லை. அது அவருக்குத் தெரியும். நான் இருக்கிற மேசையில் எப்போதும் ஒரு மீன், ஒரு தோஃபு, இரண்டு வகைக் கீரை கட்டாயம் இருக்கும். பன்றி இறைச்சித் தட்டு வந்து இறங்கும்போது அதை எனக்கு எதிர்ப்பக்கமாக வைக்கச் சொல்லுவார். 'இவருக்காகத்தான் இதெல்லாம்' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூச்சமாகிப் போயிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே சாப்பாடு ஆர்டர் செய்வது ஒரு தனித் திறமை. ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, அதற்குமேல் ஒன்றிரண்டு. ஆறினது ஒன்று, சூடானது மற்றவை. பொரித்தது இருந்தால் ஆவியில் வெந்ததும் இருக்க வேண்டும். ஒரே ருசியில் இரண்டு தட்டு வரக்கூடாது. யாருக்குப் பல் இல்லை, யாருக்குக் காரம் ஆகாது, யார் இன்றைக்கு விரதம், எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். குவாங்சோ இருக்கிற குவாங்டோங் மாகாணத்தின் பக்கம் மணிக்கணக்காகக் கொதித்த சூப் முதலில் வந்துவிடும், வடக்கே போனால் அது கடைசியில். பெரியவர் குச்சியை எடுக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

சோறு அவர்களுக்கு 'ஃபான்'. அதோடு சேர்த்துச் சாப்பிடும் மற்றதெல்லாம் கான்டனீஸில் 'சுங்'. எங்கள் பக்கம் வெஞ்சனம் என்போம், அதே பொருள்தான். வழியில் பார்த்தால் 'சிக் ஜோ ஃபான் மேய்?' என்று கேட்பார்கள். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அந்த வாக்கியத்தின் பொருள் புரிந்த அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன் அவர் கேட்டதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் 'யாம் ச்சா'வுக்குப் போவோம். தேநீர் குடிப்பது என்றுதான் அதற்கு அர்த்தம், ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக. உட்கார்ந்ததும் முதல் வேலை, சுடுதேநீரை ஊற்றிக் கிண்ணத்தையும் குச்சியையும் ஒவ்வொருவரும் தாங்களே அலசுவது. முதல் முறை பார்த்தபோது இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பதுதான் ஞாபகம் வந்தது. யாராவது நமக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்ட வேண்டும், அது நன்றி. மாறுவேடத்தில் சுற்றிய சியன்லாங் என்ற சீனப் பேரரசர் தன் பணியாளுக்குத் தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டு வணங்கினால் வேஷம் கலைந்துவிடும் என்று அந்தப் பணியாள் விரலை மடக்கித் தட்டினாராம். கதைதான், ஆனாலும் ஒவ்வொரு மேசையிலும் அந்த விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். கெட்டில் காலியானால் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும், வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். இறால் வைத்த ஹா காவ், அரிசி மாவை மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்துச் சுருட்டும் ச்சோங் ஃபன், இரண்டையும் நான் இப்போதும் கனவில் சாப்பிடுகிறேன்.

எச்சில் பற்றிய கவலை நமக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். அதுவும் தவறு. பழைய காலத்தில் சீனர்களும் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கொரு சிறு மேசையில் தனித்தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். டாங், சோங் வம்சங்களின் காலத்தில் உயர்ந்த மேசையும் நாற்காலியும் பரவிய பிறகுதான் ஒரே தட்டைச் சுற்றி உட்காரும் பழக்கம் வேரூன்றியது. அதைச் சுகாதாரமாக்க வேண்டும் என்று உழைத்தவர் பினாங்கில் 1879-இல் பிறந்த ஒரு மருத்துவர், வு லியன் தே. 1910 கடைசியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது அங்கே ஹார்பின் நகரத்துக்குப் போய், துணி முகக்கவசம் போடச் சொல்லி அதைக் கட்டுப்படுத்தியவர். காசநோய் எச்சில் வழியாகப் பரவுவதைப் பற்றிக் கவலைப்பட்ட அவர், 1915-இல் ஒரு யோசனை சொன்னார். மேசை நடுவில் சுழலும் ஒரு வட்டப் பலகை, அதில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனிக் கரண்டி. கூடிச் சாப்பிடுவதையும் விட வேண்டாம், எச்சிலும் கலக்க வேண்டாம். 2003-இல் சார்ஸ் என்ற தொற்றுநோய் வந்தபோதும், 2020-இல் கொரோனா வந்தபோதும் பொதுக் குச்சியைப் பயன்படுத்தச் சொல்லி அங்கே திரும்பவும் பிரசாரம் நடந்தது. நூறு வருடமாக அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிற விஷயம் இது.

2020-இல் என் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் வசவுகளையும் நான் மறக்கவில்லை. 'கண்டதையும் தின்றால் இப்படித்தான்' என்றார்கள். எனக்கு ஜேவின் முகம்தான் முன்னால் வந்தது. மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார். சந்திர நாட்காட்டியில் அது அமாவாசையும் பௌர்ணமியும். அன்றைக்குப் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார். என் பாட்டி அப்படித்தான் இருந்தார். 'ஒரு வாய் லிச்சி, மூன்று நெருப்பு' என்று ஒரு சொலவடை சொல்லி, லிச்சிப் பழத்தை அளவாகச் சாப்பிடு, உடம்புக்குச் சூடு என்று எச்சரிப்பார். மாம்பழத்தைத் தண்ணீரில் ஊறப்போடும் வீட்டிலிருந்து வந்தவனுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரை ஒரே வாக்கியத்தில் அசிங்கப்படுத்தியவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அங்கே எல்லாமே சரி என்று சொல்லவில்லை. தொழில் விருந்துகளில் 'கான்பெய்', அதாவது கோப்பையைக் காலி செய் என்று சொல்லிச் சொல்லி மது குடிக்க வைப்பது எனக்குப் பிடித்ததே இல்லை. தட்டு காலியானால் விருந்து வைத்தவருக்குக் கௌரவக் குறைச்சல் என்று மலைபோல ஆர்டர் செய்வதும் அப்படித்தான். அதைத் தடுக்க 2021 ஏப்ரலில் சட்டமே போட்டுவிட்டார்கள். அளவுக்கு மீறி ஆர்டர் செய்யத் தூண்டும் உணவகத்துக்கு 10,000 யுவான் வரை அபராதம் உண்டு. ஜே ஒரு நாளும் மிச்சத்தை விட்டுவிட்டு எழுந்ததில்லை. எல்லாவற்றையும் கட்டித் தரச் சொல்லி வாங்கிப் போவார். பில் யார் கொடுப்பது என்று கல்லா முன்னால் நடக்கும் இழுபறியும் உண்டு. அதில் நம் ஊர்ச் சித்தப்பாக்களை அடித்துக்கொள்ள யாராலும் முடியாது என்பதால், அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

2019 கடைசியில் ஊர் திரும்பிய பிறகு எனக்குக் கஷ்டமாக இருந்தது நம் வெளிச்சாப்பாடுதான். ஐந்து பேர் ஓட்டலுக்குப் போகிறோம். ஒருவருக்குப் பரோட்டா, ஒருவருக்கு நூடுல்ஸ், ஒருவருக்குப் பிரியாணி. பரோட்டா முதலில் வருகிறது. பிரியாணி வரும்போது பரோட்டாக்காரர் கை கழுவப் போய்விட்டார். காத்திருக்கிற நேரத்தில் ஆளுக்கொரு போன். ஒரே மேசையில் ஐந்து தனித்தனிச் சாப்பாடு. இத்தனைக்கும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை எழுந்திருக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நிலாச்சோறு என்று சொல்லி ஒரே சட்டியில் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த எல்லாப் பிள்ளைகளின் கையிலும் அம்மா உருண்டை வைத்தபோது, எச்சிலைப் பற்றி யாரும் பேசியதில்லை. எப்போது நாம் ஓட்டலை ஆளுக்கொரு பில்லாக மாற்றினோம் என்று தெரியவில்லை. எனக்கு அது இழப்பாகத் தெரிகிறது. வெளியே போய்ச் சாப்பிடுவதில் பாதி சுகம், அடுத்தவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து ஆர்டர் செய்வதில் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

போன மாதம் மகனுக்குப் பரீட்சை முடிந்ததற்காக மதுரையில் ஓர் ஓட்டலுக்குப் போனோம், அம்மாவும் வந்திருந்தார். யாரும் மெனு கார்டைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு நானே எல்லாவற்றையும் ஆர்டர் செய்தேன். எல்லாம் நடுவில். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தனிக் கரண்டி வேண்டும், மொத்தம் ஆறு என்றேன். சர்வர் தம்பி எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொண்டுவந்து வைத்தார். அம்மா முதல் பத்து நிமிடம் சாப்பிடவே இல்லை. எந்தக் கரண்டி எங்கே போகிறது, யார் கை எதில் படுகிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை என் மகன் தன் ஸ்பூனைக் குழம்பில் விடப் போனபோது அவன் மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது. அப்புறம் மெதுவாக நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இடது கையால் பொதுக் கரண்டியை எடுத்து, வறுத்த மீனில் நடுத்துண்டைப் பார்த்து எடுத்து, என் மனைவியின் தட்டில் வைத்தார்.

"முள்ளு இல்ல, சாப்பிடு தாயி," என்றார்.