பதினொன்று இருபது

கல்லூரித் தமிழ்த்துறையில் என் அசைன்மென்ட்டை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். இருபது நிமிடத் தாமதம், அவ்வளவுதான். அதற்காக மூன்று வாரம் உட்கார்ந்து கையால் எழுதிய பதினெட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்டர்னல் என்றால் என்ன, அசைன்மென்ட் என்றால் என்ன என்றெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. கல்லூரியே போடுகிற அந்த இருபத்தைந்து இன்டர்னல் மதிப்பெண்ணுக்காகத் துறை வாசலில் கைகட்டி நிற்காதவர் யார்? அதில் ஐந்து அசைன்மென்ட்டுக்கு. நேற்று எனக்குப் போனது அந்த ஐந்து.

நேற்று தை அமாவாசை. இராமேசுவரம் தீவில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், சொன்னால்தான் ஆறும். ஆறே முக்காலுக்குத் தங்கச்சிமடம் நிறுத்தத்தில் நின்றேன். முதல் பஸ் நிற்கவே இல்லை. இரண்டாவது நின்றது, கால் வைக்க இடமில்லை. மூன்றாவதில் தொற்றிக்கொண்டு ஏறும்போது ஏழே முக்கால். சரி, பதினொரு மணிக்குத்தானே கெடு, நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். எட்டேகாலுக்குப் பாம்பன் பாலத்தில் ஏறியதும் பஸ் நின்றுவிட்டது. நின்றது என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கிப் போய் எட்டிப் பார்க்கிற அளவுக்கு நின்றது. வெளியூர்க் கார்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கின்றன. புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியைப் பின்னால் வைத்து ஆள் மாற்றி ஆள் படம் எடுக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாலம் அது. அதைத் தாண்டி முடிக்கும்போது மணி ஒன்பது ஐம்பது.

பாலத்தில் நின்ற நேரத்தில் நான் சும்மா இருக்கவில்லை. ஒன்பதரைக்கு வகுப்புப் பிரதிநிதிக்குப் போன் போட்டேன். அவள் துறையில் போய்ச் சொன்னாள். "நேர்ல வந்து பேசச் சொல்லு" என்று பதில் வந்தது. பையிலிருந்து அசைன்மென்ட்டை எடுத்து, ஆடாமல் நின்ற பஸ்ஸில் மடியில் வைத்து, பதினெட்டுப் பக்கத்தையும் படம் பிடித்து, அசைன்மென்ட் வாங்குகிற பேராசிரியர் ஐயாவின் வாட்ஸாப்புக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அதாவது கெடுவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே என் அசைன்மென்ட் முடிந்து அவர் கையிலிருக்கும் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் மண்டபம், உச்சிப்புளி, இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, கேட்டிலிருந்து ஓட்டம். துறை வாசலில் நிற்கும்போது பதினொன்று இருபது.

"டைம் என்னம்மா?"

"பதினொன்னு இருபது ஐயா. பாலத்துல..."

"நோட்டீஸ் பாத்தீல்ல?"

"பாத்தேன் ஐயா. இன்னிக்கு அமாவாசை, பாலத்துல வண்டியெல்லாம்..."

"அமாவாசைன்னு காலண்டர்லயே போட்டிருக்கே. நேத்தே கொண்டாந்து குடுத்திருக்கலாம்ல?"

இந்த இடத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முந்தின நாளே கொண்டுபோனேன்! அதே அறை, அதே மேசை. அமாவாசைக் கூட்டத்துக்குப் பயந்துதான் ஒரு நாள் முன்னாலேயே கொண்டுபோனேன். "நாளைக்கு மொத்தமா வாங்கிக்கிறோம், ஒண்ணு ஒண்ணா வாங்கினா தொலைஞ்சு போயிரும்" என்று திருப்பி அனுப்பியவர்கள் இவர்கள்தான். அதை நினைவுபடுத்தினேன். "அப்படியா சொன்னேன்?" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பக்கத்து நாற்காலி டீ குடித்துக்கொண்டிருந்தது. போட்டோ அனுப்பினேனே ஐயா என்றேன். கையெழுத்துப் பிரதிதான் செல்லும், போட்டோ செல்லாது என்றார். கையெழுத்துப் பிரதி என் கையில் இருந்தது. அதுவும் செல்லவில்லை.

அந்த நோட்டீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தாமதமாக வரும் ஒப்படைப்புகள் எக்காரணம் கொண்டும் ஏற்கப்பட மாட்டாது." தமிழ்த்துறை வாசலில், தமிழ்த்துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறது. ஒப்படைப்புகள் பன்மை, மாட்டாது ஒருமை. மாட்டா என்றுதானே வர வேண்டும்? முதல் பருவத்தில் இதே தவறுக்கு என் விடைத்தாளில் அரை அரையாக மதிப்பெண் குறைத்தவர்கள் இவர்கள். அந்தத் தாள் ஒரு வருடமாக அங்கே தொங்குகிறது. ஒரு பேராசிரியருக்கும் அதைத் திருத்தி எழுத நேரம் கிடைக்கவில்லை. எனக்கு மட்டும் இருபது நிமிடத்தைக் கணக்குப் பார்க்க அத்தனை பேருக்கும் நேரம் இருந்தது.

நான் என்ன எழுதினேன் என்று ஒருவர் கேட்கவில்லையே, அதுதான் தாங்கவில்லை. தலைப்பு நெய்தல் திணை. ஏதாவது ஒரு பாடலை எடுத்து எழுதச் சொன்னார்கள். நான் அகநானூற்றின் 70ஆம் பாடலை எடுத்தேன், மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. அதில் பாண்டியரின் 'தொன்முது கோடி' வருகிறது, நம் தனுஷ்கோடிதான் அது என்று கொள்வோர் பலர். அந்தக் கடற்கரையில் இராமன் கலந்தாலோசிக்க உட்கார்ந்தபோது, ஆலமரத்துப் பறவைகள் சத்தம் அடங்கினவாம். தலைவிக்குத் திருமணம் உறுதியானதும் ஊர் வம்பு அதைப் போல அடங்கியது என்கிறது பாட்டு. பாட்டின் தொடக்கத்திலேயே பரதவர்கள் நல்ல வேட்டை கிடைத்து அயிலை மீனைப் பங்கு வைக்கிறார்கள். என் அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர், 1964 டிசம்பர் புயலில் தப்பி வந்தவர். கரைவலை இழுத்தால் மீனை எப்படிப் பங்கு பிரிப்பார்கள், எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று மூன்று ராத்திரி கேட்டு எழுதினேன். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு காற்றையும் பாட்டோடு வைத்துப் பார்த்தேன். இந்தப் பாட்டைப் படிக்கத்தானே இந்தத் துறையில் சேர்ந்தேன்? இதை வாங்கிப் படிக்கத்தானே அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்?

இத்தனைக்கும் முதலாண்டில் கொடுத்த கையேட்டில் மாணவர் உதவி என்று ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. துறை நூலகம் என்கிறார்கள். ஒரு பீரோ, ஒரு சாவி. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் போனால் நூலகமும் விடுப்பு. அகநானூறு மூன்று பகுதி. மணிமிடை பவளம் இருக்கிறது, நித்திலக்கோவை இருக்கிறது. எனக்கு வேண்டிய களிற்றியானை நிரை மட்டும் ஒரு வருடமாக ஒரு பேராசிரியர் வீட்டில் இருக்கிறது. பேரேட்டில் அவர் கையெழுத்தையும் பார்த்தேன். நாங்கள் பதினைந்தாம் நாள் புத்தகத்தைத் திருப்பினால் அபராதம், அவரிடம் கேட்க ஆளில்லை. கடைசியில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு படித்தேன், போனில், கண் வலிக்க. அது இலவசமாகக் கிடைக்கிறது என்றுகூட வகுப்பில் ஒருவர் சொன்னதில்லை. அக்கா ஒருவர் சொல்லித்தான் தெரியும். கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு நாலு மணிக்கு மேல் சிறப்பு வகுப்பு. எங்கள் பஸ் நாலு பத்துக்கு. வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் எனக்கும் உண்டு, பருவத்துக்கு ஒரு முறை படிவத்தில் கையெழுத்துப் போடுவார், நிமிர்ந்து முகம் பார்க்க மாட்டார்.

வருகைப்பதிவு இன்னொரு கொடுமை. பருவத்துக்கு 90 நாள், 75 சதவீதம் வேண்டும் என்றால் 68 நாள். முதல் மணி நேரத்தைத் தவறவிட்டால் அரை நாள் போச்சு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற நாளில் பள்ளிக்கு லீவு விடுவார்கள், கல்லூரி உண்டு என்பார்கள். காய்ச்சல் என்றால் டாக்டர் சான்றிதழ் ஏற்பார்கள். பாலத்துக் காற்றுக்கு நான் யாரிடம் போய்ச் சான்றிதழ் வாங்குவது?

அரியர் விழுந்தால் மறுபடி தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். அப்பா போகிற விசைப்படகு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் நிற்கும். அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்போம் என்று நோட்டீஸ் ஒட்டியவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்களா?

விதியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. தாமதம் என்றால் ஒரு மதிப்பெண் குறையுங்கள், இரண்டு குறையுங்கள், வாங்கிப் படியுங்கள். முந்தின நாள் கொண்டுவந்தால் வாங்கி ஒரு பேரேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சிறப்பு வகுப்பை மதியத்தில் வையுங்கள். இதற்கு அரசாணை வேண்டுமா? பல்கலைக்கழக மானியக் குழு வர வேண்டுமா?

சாயங்காலம் இதையெல்லாம் நெஞ்சில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், பஸ் காலியாகத்தான் நின்றது. ஓடிப்போய் ஏறினேன். ஒவ்வொரு சீட்டிலும் துண்டு, பை, தண்ணீர் பாட்டில்! ஆளே இல்லை, ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுக் கீழே நின்று பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "ஏம்மா, துண்டு கிடந்தது கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டு எழுப்பிவிட்டார். கண்டக்டரும் அவர் பக்கம்தான் பேசினார். நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டுப் பக்கத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தேன். இந்தத் துண்டு போடுகிற பழக்கத்தை யார்தான் கண்டுபிடித்தார்களோ, முதலில் அதைத் தடை செய்யுங்கள்!