முதலில் அடிப்படை வரைபடத்தைக் காட்டுங்கள், பிறகு கருத்துக் கேளுங்கள்

நகரின் மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும் எல்லோரும் தேடுவது புதுச் சாலை எந்தப் பக்கம் போகிறது, எந்த ஊர் குடியிருப்பு மண்டலமாகிறது, எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற விகிதம்) எவ்வளவு என்பதைத்தான். ஏரியும் ஓடையும் மேய்க்காலும் (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்) தோற்பது அதற்கு வெகு முன்பே. 'தற்போதைய நில உபயோக வரைபடம்' தயாராகும்போதே முக்கால்வாசி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. அதில் ஓர் ஓடை விடுபட்டால், அதன்மேல் தீட்டப்படும் எந்த மண்டலத்திலும் அந்த ஓடை இருக்காது. பிறகு வரும் அதிகாரி அதை வேண்டுமென்றே அழிக்க வேண்டியதில்லை. அவர் கையில் உள்ள தாளில் அது இல்லவே இல்லை. ஆகவே அந்த அடிப்படை வரைபடத்தைத்தான் முதலில் ஊர் ஊராகக் காட்டித் திருத்தம் வாங்க வேண்டும். திட்ட வரைவு அதற்குப் பிறகு வரட்டும்.

இப்போது நடப்பது வேறு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன்படி திட்டக் குழுமம் வரைவைத் தயாரிக்கிறது. 24-வது பிரிவின் கீழ் அரசு அதற்கு இசைவு தருகிறது. அதன் பின்னரே 26-வது பிரிவின் கீழ் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வந்து, ஆட்சேபனையும் ஆலோசனையும் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கிடைக்கிறது. அரசு ஒருமுறை பார்த்துச் சரி என்று சொன்ன வரைவில்தான் நாம் திருத்தம் கேட்கிறோம். சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கு 2022-லேயே தொலைநோக்குக் கருத்துக்கேட்பு நடந்தது, நல்ல தொடக்கம். ஆனால் 'உங்கள் நகரம் எப்படி இருக்க வேண்டும்' என்ற கேள்விக்கு எல்லோரும் பசுமை வேண்டும், நல்ல பேருந்து வேண்டும் என்றுதான் சொல்வார்கள். வரைபடத்தில் எந்த சர்வே எண் எந்த மண்டலத்தின் நிறம் என்பது அங்கே பேசப்படுவதே இல்லை. பெருநகர எல்லையோ 1,189 ச.கி.மீ.யிலிருந்து 5,904 ச.கி.மீ.யாக விரிந்துவிட்டது. அரக்கோணம் பக்கத்து வயல்கள் வரை உள்ளே வந்திருக்கின்றன.

அடிப்படை வரைபடம் ஏன் தப்பாகிறது? யாரோ திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். செயற்கைக்கோள் படம் தெளிவாக வேண்டுமென்றால் மேகமில்லாத நாளில் எடுத்திருக்க வேண்டும். நமக்கு மழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது மேகமில்லாத படம் கிடைப்பது அரிது. கோடையில் எடுத்த படத்தில் முழங்கால் ஆழத்துக் கழுவெளி (சதுப்புநிலம்) வெறும் தரிசாகத்தான் தெரியும். அடுத்தது அளவுகோல். 1:25,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். பத்து மீட்டர் அகல ஓடை அதில் 0.4 மி.மீ., பேனாக் கோட்டை விடச் சன்னம். அதே ஓடை 1:5,000-ல் 2 மி.மீ. அகலத்துக்கு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விழும். மூன்றாவது காரணம் புறம்போக்கு. மேய்க்கால், மந்தைவெளி, களத்துமேடு எல்லாம் 'காலி அரசு நிலம்' என்ற ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. நிலமெடுப்புச் செலவு இல்லாத இடம் என்பதால் அலுவலகம், கல்லூரி, தொழிற்பேட்டை என்று முதலில் கை வைக்கப்படுவதும் அவைதான்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பாருங்கள். 2022-ல் ராம்சார் தலமாக (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலமாக) அறிவிக்கப்பட்டபோது பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். அதில் காப்புக்காடு ஏறத்தாழ 698 ஹெக்டேர். மீதி 550 ஹெக்டேர் எந்தெந்த சர்வே எண்களில் விழுகிறது என்பதைக் களத்தில் அளந்து குறிக்கும் வேலை அப்போதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2025-ல் ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதியை நிறுத்திவைக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொல்ல வேண்டியதாயிற்று. சதுப்புநிலத்துக்கு அது தேவையான தடைதான். ஆனால் பல வருடம் முன்பே மனை வாங்கி வீடு கட்டக் காத்திருந்த சாதாரணக் குடும்பங்களும் அதில் மாட்டிக்கொண்டன. எல்லையைச் சர்வே எண்ணோடு முன்கூட்டியே வெளியிட்டிருந்தால் அந்த மக்களுக்கும் இந்த நிலை வந்திருக்காது, சதுப்புநிலத்தின் ஓரத்தில் பெரிய கட்டடங்களும் அனுமதிக்கு வந்திருக்காது.

ஏரிகளின் கதை இன்னும் நுட்பமானது. வரைவில் ஏரி நீலமாக இருக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடுகிறோம். ஏரி என்பது நீர் நிற்கும் இடம் மட்டுமில்லை. வரத்துக்கால், நீர்ப்பிடிப்பு, கலிங்கல், அங்கிருந்து உபரி நீர் இறங்கும் போக்குக்கால், மதகுக்குக் கீழே ஆயக்கட்டு (ஏரி நீரில் பாசனம் பெறும் வயல்கள்), எல்லாம் சேர்ந்தால்தான் ஏரி. நீலத்தை விட்டுவிட்டு ஆயக்கட்டைக் குடியிருப்பு மண்டலமாக்கினால் என்ன ஆகும்? பாசனம் நிற்கும், மடை திறப்பவர் போய்விடுவார், கரையைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் காரணம் இருக்காது. மதகுக்குக் கீழே குடியேறியவர்கள் ஏரி நிரம்பினாலே பயப்படுவார்கள். 'தண்ணீரைக் குறைத்து வையுங்கள்' என்று மனு கொடுப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அந்த இடத்தை அவர்களுக்கு மனையாகக் காட்டியது திட்டம். போக்குக்கால் பட்டா நிலத்துக்குள் போயிருந்தால் உபரி நீர் தெருவைத்தான் வழியாக்கிக்கொள்ளும்.

சட்டம் காப்பாற்றிவிடும் என்று இருக்கவும் முடியாது. 2017-ன் சதுப்புநில விதிகள், பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளைச் சதுப்புநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்குகின்றன. நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டியவைதானே! 2007-ன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித்துறை ஏரிகளுக்காக எழுதப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஊராட்சி ஒன்றிய ஏரிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. 2023-ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டப் பகுதிக்குள் நீர்நிலை இருந்தாலும் அந்த நிலத்தைச் சேர்த்துத் திட்டமிட வழி தருகிறது. ஆக, சின்ன ஏரிக்கும் ஓடைக்கும் நில உபயோகத் திட்டம்தான் கையில் இருக்கும் முதல் கவசம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு மண்டலத் திட்டத்தில் (ஒரு வட்டாரம் முழுவதற்குமான திட்டம்) காடு, வனவிலங்கு, இயற்கை வளப் பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்தே பேசுகிறது. அந்த வாசகத்தை மனுவில் எடுத்துக் காட்டத் தயங்க வேண்டாம்.

கடற்கரைக்கு இதைவிடத் தெளிவான விதி இருக்கிறது. 2019-ன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்கள், அவர்களுடைய பொது நிலங்கள், மீன் காயவைக்கும் இடங்கள் எல்லாம் சர்வே அளவிலான வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. 2023-ல் தமிழ்நாட்டின் வரைவு வந்தபோது மீனவர் அமைப்புகள் எழுப்பிய முக்கிய ஆட்சேபனைகளில் ஒன்று இவை விடுபட்டிருப்பது பற்றித்தான். விதியில் எழுதியிருந்ததால் அவர்களால் அதைக் கேட்க முடிந்தது. உள்நாட்டு ஊர்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும்: வரத்துக்கால், கலிங்கல், மேய்க்கால், கோயில்காடு, இடுகாடு, களம். ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு.

சட்டம் மாறும்வரை கையில் இருப்பது அந்த இரண்டு மாதம். அதில் பெரும்பகுதி வீணாவது பொதுவான மனுக்களால். 'இயற்கையைக் காப்பாற்றுங்கள்' என்று ஐந்நூறு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது ஒரே மனுவாகச் சுருங்கி 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று முடியும். சர்வே எண் இல்லாத மனுவை வைத்துக்கொண்டு, திருத்த நினைக்கும் நல்ல அதிகாரியால்கூட வரைபடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மனு, ஒரு கிராமம், ஒரு பக்கம். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு. ஏ-ரெஜிஸ்டரில் (கிராம நிலப் பதிவேடு) அதன் வகைப்பாடு. வரைவில் காட்டியிருக்கும் உபயோகம். நீங்கள் கேட்கும் உபயோகம். காரணம் இரண்டு வரி. ஏ-ரெஜிஸ்டர் விவரமும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) தமிழக அரசின் இ-சேவை நிலப்பதிவேட்டுத் தளத்திலேயே கிடைக்கும். அங்கே நிற்காமல் 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். (நிலப்பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவுக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் தேடிப் பாருங்கள். பழைய பதிவில் 'ஓடை' என்று இருந்தது யூ.டி.ஆரில் 'தரிசு' ஆனது உண்டு, பட்டாவே ஆனதும் உண்டு. பழைய எண்ணும் புது எண்ணும் வேறாக இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். கூகுள் எர்த்தில் ஒரே இடத்தின் டிசம்பர் படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தால், 'தரிசு' என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வர 30 நாள் ஆகும், அவகாசத்தில் பாதி. ஆகவே அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே உங்கள் கிராமத்தின் தற்போதைய நில உபயோக வரைபடத்தைக் கேட்டு மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். மக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4(1)(சி) சொல்வதையும் குறிப்பிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுகிற ஒரு வரி: 'என்னை நேரில் விசாரிக்க வேண்டும்.' நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி நேரில் பேசும் வாய்ப்பு, அதைக் கேட்டவர்களுக்குத்தான். மனுவின் கடைசியில் இதை எழுதாவிட்டால் அழைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி, 'பூங்கா' என்று பச்சையாகக் காட்டப்படும் பட்டா நிலம். பொதுத் தேவைக்கென ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்று வருடத்துக்குள் எடுக்க நடவடிக்கை இல்லையென்றால், அதே சட்டத்தின் 38-வது பிரிவின்படி ஒதுக்கீடு தானாக நீங்கிவிடும். வெள்ளம் தங்கும் இடத்தைக் காக்க வேண்டுமானால் ஒதுக்கீட்டை மட்டும் கேட்காதீர்கள், மண்டல வகைப்பாட்டையே மாற்றக் கேளுங்கள்.

கருத்துக்கேட்புக்கு வருபவர்களில் கணிசமானவர்கள் தங்கள் வயலை மனையாக்கச் சொல்லி வரும் சிறு விவசாயிகள். அவர்களை எதிரிகளாகப் பார்ப்பது பெரிய தவறு. பக்கத்து நிலம் கோடிக்குப் போகும்போது தன் நிலம் மட்டும் 'விவசாயம்' என்று அடைபட்டால் யாருக்கும் வயிறு எரியும். ஊருக்காக ஒருவர் நிலத்தைக் கட்டடம் இல்லாமல் வைத்திருக்கச் சொன்னால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். சாலைக்கு நிலம் கொடுப்பவருக்கு மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை (வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டவோ பிறருக்கு விற்கவோ முடிகிற கட்டட உரிமை) தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளநீர் தங்கும் வயலுக்கும் அதை நீட்டிக்கும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. சூழல் பேசும் நாம் இதைக் கேட்காமல் தடையை மட்டும் கேட்பதால்தான் பல ஊர்களில் தனித்துப் போகிறோம்.

இறுதித் திட்டம் வந்த பிறகும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-வது பிரிவின் கீழ் நில உபயோக மாற்றம் ஒவ்வொரு சர்வே எண்ணாக நடந்துகொண்டே இருக்கும். இருபது வருடத்தில் இந்தத் துண்டு மாற்றங்கள் சேர்ந்தால் முதலில் ஒப்புக்கொண்ட வரைபடமே அடையாளம் தெரியாமல் போகும். எந்த மனு ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் என்று எண் வாரியாக வெளியிட வேண்டும். அதே பதிவேட்டில் பின்னால் வரும் மாற்றங்களும் சேர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, குழுமம் நினைத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டு மாத அவகாசத்துக்குள் இதில் ஒரு தேதி விழாமலும் போகலாம். எனவே வரைவுக்குக் காத்திருக்காமல், அடுத்த சபையிலேயே ஏ-ரெஜிஸ்டரை வைத்து ஊரின் நீர்நிலை, மேய்க்கால், பொது நிலங்களைச் சர்வே எண்ணோடு தீர்மானமாக நிறைவேற்றி, ஒரு நகலைத் திட்டக் குழுமத்துக்கும் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பிவையுங்கள். வரைவு வரும்போது உங்கள் மனுவோடு இணைக்க வேண்டிய முதல் தாள் அந்தத் தீர்மானம்தான்.