'மளை' என்று சொன்னால் கோளாறா?

ஒரு பிள்ளையின் பேச்சைச் சோதித்து எழுதிய மதிப்பீட்டு அறிக்கையை நேற்றிலிருந்து பலர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். படித்தேன், அப்புறம் தூக்கமே வரவில்லை. 'மழை'யை 'மளை' என்று சொன்னதற்காக அந்தப் பிள்ளைக்கு உச்சரிப்புக் கோளாறு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா எல்லாருமே 'மளை' என்றுதான் சொல்கிறார்கள். தன் வீட்டுப் பேச்சை அச்சுப் பிசகாமல் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு என்ன கோளாறு?

வேறுபாடு வேறு, கோளாறு வேறு. எத்தனை முறைதான் சொல்வது?

"எல்லாருக்கும் ஒரே டெஸ்ட், இதைவிட நியாயம் உண்டா?" என்று ஒருவர் கேட்டார். அந்த டெஸ்ட் எந்தப் பிள்ளைகளை வைத்து உருவானது என்று முதலில் கேளுங்கள். ஒரே மொழி பேசும் பிள்ளைகளுக்கான அளவுகோலை இரண்டு மொழிப் பிள்ளைக்கு வைத்தால் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் அதற்குத் தெரிந்த சொற்கள் இரண்டு மொழியிலும் பிரிந்து கிடக்கும், இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று தனி வகுப்பில் உட்கார வைத்ததை எதிர்த்துக் கலிபோர்னியாவில் டயானா வழக்கு நடந்தது 1970-இல். தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று அப்போதே ஒப்புக்கொண்டார்கள். இன்னும் இதையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் மகளுக்கு நாலு வயதில் இதுதான் நடந்தது. படத்தைக் காட்டினார்கள், வீட்டு மொழியில் சரியாகச் சொன்னாள், மதிப்பெண் கிடையாது. "வீட்டில் பள்ளி மொழியை மட்டும் பேசுங்கள்" என்றார்கள். நானும் பயந்துபோய் அப்படியே செய்தேன். என் அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே மொழி, அதைத்தான் நிறுத்தச் சொன்னேன். ஆறு மாதம் பேத்தியிடம் கையைக் காட்டியே பேசினார், கதை சொல்வதை விட்டுவிட்டார். அந்தக் கதைகளில்தான் என் மகள் பேசக் கற்றிருந்தாள்.

"அப்போ உண்மையிலேயே பிரச்சினை இருக்கிற பிள்ளையை விட்டுவிடலாமா?" வேண்டாம், விடக்கூடாது. மொழிக் கோளாறு இருந்தால் அது பிள்ளையின் இரண்டு மொழியிலும் தெரியும், அதனால்தான் இரண்டிலும் பாருங்கள் என்கிறேன். புதுச் சொல் ஒன்றைக் கற்றுக்கொடுத்து எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். பெற்றோரிடம் உட்கார்ந்து கேளுங்கள். நேரமில்லை என்றால் அறிக்கையும் எழுத வேண்டாம்.

அந்த அறிக்கையைத் திருத்திக் கொடுக்க வேண்டும், சீக்கிரம். அந்த அம்மா இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளையை நிறுத்தித் திருத்துகிறாராம். பிள்ளையும் வாயைத் திறக்கும் முன் அம்மா முகத்தைப் பார்க்கிறதாம்.