'பல்லி மூளை' என்று ஒன்று நமக்குள் இல்லை

மனித மூளை மூன்று அடுக்கு, அடியில் பசியும் சண்டையும் பார்க்கும் ஊர்வன மூளை, நடுவில் உணர்ச்சி மூளை, உச்சியில் பகுத்தறிவு மூளை, கோபம் வந்தால் அடியில் இருக்கும் பல்லி ஜெயித்துவிடும் என்று ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது தவறு.

1960களில் பால் மெக்லீன் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் முன்வைத்த கருத்து இது. 1977-ல் வானியலாளர் கார்ல் சேகன் எழுதிய புத்தகம் அதைப் பரவலாக்கியது. அப்புறம் விலங்குகளின் கரு வளர்ச்சியையும், எந்த ஜீன் மூளையில் எங்கே வேலை செய்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அடுக்குக் கதை நிற்கவில்லை. மீன், தவளை, பல்லி, பறவை, மனிதன் எல்லோருக்கும் மூளையின் அடிப்படைப் பகுதிகள் ஒன்றுதான், அளவும் உள்ளமைப்பும் தான் வேறு. 'ஊர்வன' பகுதி என்று சொல்லப்பட்ட அடித்தள நரம்பணுத்திரள் (மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்பணுக் கூட்டம்), ஊர்வன தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்துபோன தாடையில்லாத லாம்ப்ரே மீனிடமும் இருக்கிறது.

இன்னொன்று, நாம் பல்லியிலிருந்து வரவே இல்லை. நம் கிளையும் பல்லியின் கிளையும் சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை, பல்லியும் அன்றிலிருந்து மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

சரி, கோபம்? அதில் 'பகுத்தறிவு மூளை' என்று சொல்லப்பட்ட புறணியும், அதாவது மூளையின் வெளி அடுக்கும், சேர்ந்தேதான் வேலை செய்கிறது. பயத்தின் இருப்பிடம் என்று சொல்லப்படும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, புதிதாக ஏதாவது கண்ணில் பட்டாலும் தூண்டப்படுகிறது. கோபம் வந்தால் 'சிந்திக்கும் மூளை அணைந்துவிட்டது' என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.