குளியலறைத் திரையும் என் ஞாயிற்றுக்கிழமையும்

குளியலறையின் ஈரப் பகுதியையும் உலர்ந்த பகுதியையும் பிரிப்பதற்காக ஒரு பிளாஸ்டிக் திரையை வாங்கி மாட்டிய நாளிலிருந்து, தரையைத் துடைக்கும் வேலை குறைந்ததே தவிர, அதைவிடப் பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டுக்கு வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து, கரையாத வெள்ளைப் படலமாகத் திரை முழுவதும் படிந்துவிடுகின்றன. கீழ் விளிம்பின் மடிப்புக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினால், இளஞ்சிவப்பு நிறத்தில் வழவழவென்று ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. அது வெறும் அழுக்கு அல்ல, ஈரத்திலும் சோப்பு மிச்சத்திலும் வளரும் பாக்டீரியா என்று அறிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, கழுவுவதாவது எளிதா என்றால், அதுவும் இல்லை. பன்னிரண்டு வளையங்களையும் ஸ்டூல் மேல் ஏறிக் கழற்ற வேண்டும். தரையில் விரித்துத் தேய்த்தால் பிரஷ்ஷோடு திரையும் சேர்ந்தே நகர்கிறது. காலால் மிதித்துக்கொண்டு தேய்த்தால் நான் வழுக்குகிறேன். வினிகர் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் உப்புக்கறை இளகுகிறது என்பது உண்மைதான். ஆனால் கரும்புள்ளிகளாகப் படிந்த பூஞ்சை அதற்கு அசைவதில்லை. அதற்குப் பிளீச்சிங் பவுடர் வேண்டும்; அதையோ வினிகருடன் கலக்கவே கூடாது, நச்சு வாயுவான குளோரின் கிளம்பிவிடும். ஆகவே முதலில் ஒன்று, நன்றாக அலசிய பிறகு மற்றொன்று என்று ஒரு ஞாயிறு முழுவதும் போகிறது. இத்தனைக்கும் பிறகு மாட்டி வைத்தால், குளித்துவிட்டு வருபவர்கள் அதை விரித்து உலரவிடாமல் ஒரு மூலையில் சுருட்டித் தள்ளிவிட்டுப் போகிறார்கள். மடிப்புக்குள் நீர் நின்று, மூன்றாம் வாரமே அந்த இளஞ்சிவப்பு மறுபடியும் எட்டிப் பார்க்கிறது.