ஒரே ஆட்டத்தை வைத்து மேனிங்கை ஒதுக்காதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2025 சீசனின் முதல் ஆட்டத்தை மட்டும் வைத்து "ஒஹாயோ ஸ்டேட்டின் ஜூலியன் சேயின்தான் சிறந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), டெக்ஸாஸின் ஆர்ச் மேனிங் புகழ்பெற்ற ஃபுட்பால் குடும்பத்தின் வெறும் பெயர்" என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 ஆகஸ்ட் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட் 14-7 என டெக்ஸாஸை வென்றது உண்மைதான். சேயின் பந்தை எதிரணியிடம் பறிகொடுக்கவில்லை. நான்காவது குவார்ட்டரில் (கடைசிக் கால்பகுதியில்) சக வீரர் கார்னெல் டேட்டுக்கு அவர் எறிந்த 40 யார்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) அருமை. கல்லூரி அளவில் முதல்முறையாகத் தொடக்க வீரராக இறங்கியவருக்கு அந்த நிதானம் பெரிய விஷயம்.

ஆனால் அவரிடம் அணி கேட்டது என்ன? 20 பாஸ், 126 யார்டு. தப்பு செய்யாமல் இருந்தால் போதும், மீதியைத் தற்காப்பு பார்த்துக்கொண்டது. மேனிங் அந்தத் தற்காப்பை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. தற்காப்புப் பயிற்சியாளர் மேட் பட்ரீஷியாவின் வியூகம், பின்வரிசையில் தற்காப்பு வீரர் கேலப் டவுன்ஸ், ஒஹாயோ ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில் ஒரு லட்சம் பேரின் கூச்சல். அந்த ஆட்டத்தில் சேயினுக்கு இப்படியொரு சோதனை வரவே இல்லை.

மேனிங்கிடம் குறை உண்டு. முதல் பாதியில் எறிதல் தடுமாறியது, பிறகு ஒரு இன்டர்செப்ஷனும் கொடுத்தார் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது). இருந்தும் கடைசி சில நிமிடங்களில் சக வீரர் பார்க்கர் லிவிங்ஸ்டனுக்கு 32 யார்டு டச்டவுன் எறிந்தாரே, அதைக் கட்டுரை ஏன் விட்டுவிட்டது? அப்புறம், கோல் கோட்டருகே நான்காவது டவுனில் (கடைசி முயற்சியில்) பந்தை உதைத்து மூன்று புள்ளிகளை எடுக்காமல் டச்டவுனுக்கு முட்டிப் பார்த்தது டெக்ஸாஸ் பயிற்சியாளர் எடுத்த முடிவு. அதையும் மேனிங் தலையில் கட்டுவது நியாயமில்லை.