ஆசைப்பட்டது நான்தான்

வயசான பொம்பளைக்கு ஒரு ஆம்பளை மேல நாட்டம் வந்தா, அதை மன்னிக்க நம்ம ஜனங்களுக்கு ஒரே வழிதான் தெரியும். "பாவம், தனியா கிடக்குறா. காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுக்க ஒரு ஆள் வேணாமா?" அந்தப் பரிதாபம் எனக்கு வேணாம். கஞ்சி நானே வெச்சுப்பேன், பொண்ணும் பக்கத்துத் தெருவுலதான் இருக்கா. எனக்கு அவன் வேணும்னு இருந்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு 52, அவனுக்கு 38. என் புருஷன் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. அவனுக்கு விவாகரத்து முடிஞ்சிருச்சு. நாங்க யார் குடியையும் கெடுக்கல.

காசிமேட்டுல ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்களை மாதிரி ஏலம் எடுத்து விக்கிறவங்க, பைபர் போட்டுல வர்ற கொஞ்ச மீனை வெச்சு ஓட்டணும். இன்ஜின் மெக்கானிக்குங்களுக்கோ அப்பதான் வேலை குமியும். அவன் மெக்கானிக். வருஷக்கணக்கா பார்த்த முகம்தான். இந்தத் தடைக்காலத்துல ஒரு சாயங்காலம், "நெத்திலிக் குழம்பு இருக்கு, வீட்டுக்கு வரியா?"ன்னு கேட்டேன். குழம்புக்கு மட்டும் கூப்பிடலன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

சோப்பு போட்டுத் தேய்ச்சும் அவன் நகக்கண்ணுல டீசல் கறுப்பு போகல. அந்தக் கையை முதல்ல பிடிச்சது நான். அவனுக்கு நடுங்குச்சு, எனக்கு நடுங்கல. அவசரப்பட்டான், "மெதுவா"ன்னு சொன்னேன். கல்யாணமாகி வாழ்ந்த காலத்துல அப்படிச் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்ல. எங்க தொட்டாப் பிடிக்கும், எங்க பிடிக்காதுன்னும் சொன்னேன், கேட்டுக்கிட்டான். லைட்டை அணைக்கவான்னு கேட்டப்போ வேணாம்னுட்டேன். புள்ள பெத்த வயிறு, கூடை தூக்கிக் காய்ப்புக் காய்ச்ச உள்ளங்கை, எல்லாத்தையும் நிதானமாப் பார்த்தான். அவன் பார்க்குறதை நானும் பார்த்தேன். உடம்பு முழுக்க சந்தோஷமா இருந்துச்சு.

விஷயம் வெளிய தெரிஞ்சதும் எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "இன்னாக்கா, அவன் எவ்ளோ கறந்தான்?" என்மேல ஒருத்தனுக்கு ஆசை வரணும்னா நடுவுல காசு இருந்தே ஆகணுமாம். இதுல அவனுக்கும் அவமானம்தானே? உழைச்சுச் சாப்பிடுறவன் அவன். இதே துறைமுகத்துல தன்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவளைக் கட்டிக்கிட்டவங்க இருக்காங்க. அந்தப் பொண்ணுகிட்ட யாராவது இப்படிக் கேட்டதுண்டா?

திருவொற்றியூர்ல மாசித் திருவிழாவுல மகிழடி சேவை நடக்கும். திருவாரூர்ல முதல் பொண்டாட்டி பரவையார் இருக்க, சுந்தரர் இங்க சங்கிலியாரைப் பார்த்து ஆசைப்பட்டாரு. உன்னைப் பிரிய மாட்டேன்னு மகிழ மரத்தடியில சத்தியம் பண்ணாரு. அதை மீறிப் போனதுல கண்ணு போச்சு, அப்புறம் திரும்பவும் கிடைச்சுது. நானும் வருஷா வருஷம் போய்க் கும்பிடுறவதான். ஒரு ஆம்பளையோட ஆசைக்கு சாமியே தூது போனதைக் கொண்டாடுற ஊர்ல, என் ஆசைக்கு மட்டும் ஏன் காறித் துப்பணும்? விதவைக்கு மறுமணம் செல்லும்னு சட்டம் வந்தது 1856-ல. நம்ம ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் தொறந்ததும் அதே வருஷம்தான், அவ்ளோ பழைய சட்டம்.

"ரெஜிஸ்டர் பண்ணிக்கோம்மா, ஊர் வாய் அடங்கும்"னு பொண்ணு சொல்றா. எனக்கும் அவனுக்கும் கட்டிக்கணும்னு தோணுனா கட்டிப்போம். ஊர் வாயை மூடுறதுக்காகக் கட்டிக்க மாட்டேன்.

போன வாரம் ஏலத்துல எனக்குப் பழக்கமான ஒரு அக்கா தனியாக் கூப்பிட்டு, "மாசாமாசம் வர்ற தூரம் நின்னப்புறம், சேர்ந்தா வலிக்காதா?"ன்னு கேட்டாங்க. யார்கிட்டயும் கேட்க முடியாம எத்தனை காலம் மனசுலயே வெச்சிருந்தாங்களோ. உக்காந்து பொறுமையாச் சொன்னேன். அந்த வயசுல அங்க வறண்டுபோறது சகஜம்தான், நோய் இல்ல. மருந்துக் கடையில அதுக்குன்னே ஜெல் விக்குது. அதுக்கும் கேக்கலன்னா பொம்பளை டாக்டரைப் பார்த்தா மருந்து குடுப்பாங்க. தூரம் நின்னு முழுசா ஒரு வருஷம் ஆகுற வரைக்கும் கரு தங்க வாய்ப்பிருக்கு. அதுக்கப்புறமும் நோய்த்தொற்று வராம இருக்க ஆணுறை வேணும். கடையில போய்க் கேட்க வெக்கமா இருக்குன்னாங்க. நான் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கேன்.